நடுக்குவாதம் வந்தவர் மெதுவாக யோசிப்பது ஏன்?

(வானொலி உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்றங்கால், மேலுரம், ஆனைக்கொம்பன், இலைச்சுருட்டுப் புழு என்று பேசுவோம். இன்றைக்கு நிலத்தை விட்டுவிட்டு, நிலத்தை இத்தனை நாள் கட்டி ஆண்ட நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். 'விரிவாக்க அலுவலருக்கு வைத்தியத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்துக் கடைமடைக் கிராமங்களில் வரப்பில் நின்று பேசும்போது அடிக்கடி ஒரு பேச்சு காதில் விழுகிறது. "அப்பாவுக்குக் கை நடுங்குதுங்க, அதைக்கூடப் பொறுத்துக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதிலே வரமாட்டேங்குது. புத்தி மழுங்கிப் போச்சு. இனிமே அவர்கிட்ட கேட்டு என்ன ஆவப் போவுது?" இப்படிச் சொல்லிவிட்டு, விதை நெல் எடுப்பதிலிருந்து பத்திரம் எழுதுவது வரை எல்லாவற்றிலும் அந்தப் பெரியவரை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். பதில் தாமதமாக வருவது வேறு, புத்தி போய்விடுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ வீடுகளில் நல்ல யோசனை வீணாகிறது, ஒரு மனிதருடைய மரியாதையும் போகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நடுக்குவாதம் என்பது என்ன?

நாம் நடுக்குவாதம் என்று சொல்கிற நோயை மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்று குறிப்பிடுகிறார்கள். 1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. உலக அளவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் காணப்படுகிறது. சிலருக்கு அதற்கு முன்பேயும் வருவதுண்டு. குத்துச்சண்டை வீரர் முகமது அலியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1980-ல் சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். நான்கே ஆண்டுகளில், 1984-ல், அவருக்கு இந்த நோய் என்று கண்டறிந்தார்கள். அதன் பிறகும் 32 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையோடு ஏற்றியவரும் அவர்தான்.

இந்த நோயில் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சின்னச் சின்ன எட்டாகும். முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் சட்டென்று தெரியாது. குரல் தாழ்ந்துவிடும். கையெழுத்து வரவரப் பொடியாகிவிடும். சிலருக்கு நடுக்கமே இல்லாமல் விறைப்பும் மந்தமும் மட்டும் இருக்கும். வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் பல வருஷம் முன்பாகவே வந்திருக்கும். கை நடுங்குகிற எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. வேறு காரணங்களாலும் கை நடுங்கும். அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

காரணம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கே கருமையான ஒரு சிறு பகுதி உண்டு. டோபமின் என்ற சத்தைச் சுரந்து, மூளையின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்புவது அங்கிருக்கும் செல்களின் வேலை. இந்த நோயில் அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடுக்கமும் மந்தமும் வெளியே தெரிகிற சமயத்தில், அவற்றில் பாதியளவோ அதற்கு மேலோ போயிருக்கும்.

டோபமின் கையையும் காலையும் மட்டும் இயக்குவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி யோசிக்க, திட்டம் போட, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற உதவுகிறது. அந்த வேலைகள் தங்குதடையின்றி நடக்கவும் டோபமின் வேண்டும். அது குறைந்தால் கை மந்தமாவது போலவே யோசனையும் மந்தமாகிறது. இதை மூன்று பாகமாகப் பார்ப்போம்.

களம் சுருங்குகிறது, குதிர் காலியாவதில்லை

நம் மூளையில் இரண்டு விதமான நினைவு உண்டு. ஒன்று, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அறிவு. அதைக் குதிர் என்று வைத்துக்கொள்வோம். எந்த வயல் மேடு, எந்த வயல் பள்ளம், எந்த வருஷம் வெள்ளம் வந்தது, மகள் கல்யாணத்துக்கு என்ன செலவானது எல்லாம் குதிரில் இருக்கிற நெல்.

இன்னொன்று, அந்த நிமிஷத்து வேலைக்காக மனசில் பிடித்து வைத்துக்கொள்கிற நினைவு. இதை நெல் அடிக்கும் களம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டாலும், களம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் கொஞ்ச நேரம்தான் நெல் கிடக்கும். அங்கேயே அடித்து, தூற்றி, அளந்தாக வேண்டும். களம் சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறையக் கட்டுகளைப் போட முடியாது. போட்டால் ஓரத்தில் சரிந்துவிடும்.

இந்த மனக் களத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு என்று ஒருவர் சொல்ல, நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். சுலபம். இப்போது அதே எண்களைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லுங்கள். நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு. கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? முதலாவதில் எண்களைப் பிடித்து வைத்தால் போதும். இரண்டாவதில் பிடித்து வைத்துக்கொண்டே புரட்டிப் போட வேண்டும். மருத்துவர்கள் செய்கிற சோதனைகளில் ஒன்று இதுதான். நடுக்குவாதம் வந்தவர்கள் நேராகச் சொல்வதில் பெரும்பாலும் அதிகம் தடுமாறுவதில்லை. தலைகீழாகச் சொல்லும்போதுதான் திணறுகிறார்கள்.

வயல் கணக்கிலேயே சொல்கிறேன். மருந்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. டேங்க் 10 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 20 டேங்க். முக்கால் ஏக்கருக்கு மொத்தம் எத்தனை மில்லி மருந்து வேண்டும்? விடை 300 மில்லி. ஆனால் அந்த விடைக்கு வருவதற்கு நான்கு எண்களை ஒரே சமயத்தில் களத்தில் போட்டுப் புரட்ட வேண்டும். நாற்பது வருஷம் இந்தக் கணக்கை வாய்க்கணக்காகவே சொன்னவர், நோய் வந்த பிறகு நடுவில் ஓர் எண்ணைத் தவறவிடுவார். பெருக்கல் வாய்ப்பாடு அவருக்கு மறக்கவில்லை. அது குதிரில் பத்திரமாக இருக்கிறது. களத்தில்தான் இடம் போதவில்லை.

குதிரிலிருந்து நெல்லை எடுப்பதும் இவர்களுக்குத் தாமதப்படும். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. கொஞ்சம் அடி எடுத்துக் கொடுத்தால், "அட, அவன்தான்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அடி எடுத்துக் கொடுத்தால் வருகிறது என்பதே நெல் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நீர் வற்றினால் படகு மெல்லத்தான் போகும்

இரண்டாவது, யோசனையின் வேகம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு தள்ளுகிறவர்களைப் பாருங்கள். அத்தனை கிளைக் கால்வாய்களும் அவர்களுக்கு மனப்பாடம். நீர் ஏறியிருக்கும்போது விறுவிறு என்று போய்விடுவார்கள். நீர் வற்றிய நேரத்தில் அதே ஆள், அதே படகு, அதே வழி. ஆனாலும் சேற்றில் தட்டித் தட்டி, மெல்லத்தான் போய்ச் சேர முடியும். அவருக்கு வழி மறந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

நடுக்குவாதக்காரரின் யோசனையும் அப்படித்தான். டோபமின் வற்றிப்போனதால் யோசனை மெல்லப் போகிறது. நீங்கள் கேட்ட கேள்வி காதில் விழுந்து, புரிந்து, பதிலைத் தேடி எடுத்து, வாய் வழியாக வெளியே வருவதற்குள் பல வினாடிகள் ஆகிவிடும். அதற்குள் நாம் என்ன செய்கிறோம்? கேள்வியை இரண்டாம் தடவை கேட்கிறோம். இல்லாவிட்டால் வேறு கேள்விக்குப் போய்விடுகிறோம். பாதி வழி வந்த படகை மறுபடி துறையிலேயே கொண்டுபோய் நிறுத்துகிற கதைதான் இது. அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முகத்தில் உணர்ச்சி தெரியாததும் சேர்ந்துகொள்கிறது. 'இவருக்கு அக்கறையே இல்லை, சொன்னது ஏறவில்லை' என்று பார்ப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பிச்சாவரம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டுப் பெரியவருக்கு இந்த நோய் வந்து ஆறேழு வருஷம். "இந்த வருஷம் சி.ஆர். 1009 போடலாமா பெரியவரே?" என்று கேட்டேன். பதில் இல்லை. "அவரை விடுங்க சார், நானே சொல்றேன்" என்றார் மகன். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். கொடுத்த டீயைப் பாதி குடித்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். பெரியவர் தாழ்ந்த குரலில் பேசினார். "அது நூத்தம்பத்தஞ்சு நாளுக்கு மேல நிக்கும். ஆவணி பாதிக்குள்ள வெதைக்கலன்னா வேணாம். தையில தண்ணி நின்னுடும். அப்பத்தான் கதிரு வரும். நம்பளது கடைமடை." இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. மகன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேறு நெல் ரகம் எடுப்பதாக முடிவானது.

இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போது

மூன்றாவதாக ஒன்று. நடப்பது நமக்குத் தானாக வருகிற வேலை. நடுக்குவாதம் வந்தவருக்கு அது தானாக வருவது குறைந்துபோய், ஒவ்வோர் எட்டையும் யோசித்து வைக்க வேண்டியதாகிறது. நடைக்கே களத்தில் பாதி இடம் போய்விடும். அந்த நேரத்தில் பின்னால் இருந்து, "அப்பா, சொசைட்டிப் பணம் கட்டியாச்சா?" என்று கேட்டால் என்ன ஆகும்? பதில் சொல்வதற்காக நடை நிற்கும், அல்லது பதிலை யோசித்தபடி காலைத் தப்பாக வைத்து வரப்பிலிருந்து விழுவார்.

ஆகவே வரப்பில் நடக்கும்போது, வாய்க்கால் மேல் பனங்கட்டையைத் தாண்டும்போது, படகில் காலெடுத்து வைக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் குடத்தையோ மண்வெட்டியையோ கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் நின்ற பிறகு, உட்கார்ந்த பிறகு பேசுங்கள்.

வாசற்படி, குறுகலான சந்து போன்ற இடங்களில் சிலருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் விழுவார். தரையில் ஓரடிக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்பால் போட்டு வைத்தால், கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலை எடுத்து வைப்பார். தாளமும் உதவும். நடவுப் பாட்டுத் தாளத்திலோ, ஒன்று இரண்டு என்று எண்ணியோ நடக்கச் சொன்னால் கால் பழக்கத்துக்கு வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு விஷயம். "சிதம்பரம் போயி ரெண்டு மூட்டை யூரியா எடுத்துக்கிட்டு, பேங்க்ல பாஸ்புக் போட்டுட்டு, வர்ற வழியில டிராக்டர்காரரைப் பார்த்துட்டு வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்.

இரண்டு: கேட்ட பிறகு காத்திருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதுவரை வாயைத் திறக்க வேண்டாம். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

மூன்று: ரேடியோவையோ தொலைக்காட்சியையோ நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நான் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடலாம், தவறில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவரால் தொடர முடியாது.

நான்கு: கேள்வியைச் சுருக்கிக் கேளுங்கள். "என்ன பண்ணலாம்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "உளுந்து தெளிக்கலாமா, பயறு தெளிக்கலாமா?" என்று கேட்டால் பதில் சுலபமாக வரும்.

ஐந்து: மனக் களத்தின் பாரத்தைக் காகிதத்தில் இறக்கி வையுங்கள். மாத்திரை நேரம், பால் கணக்கு, ஆள் கூலி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரையை வேளை வேளையாகத் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கலாம்.

ஆறு: சாவி, கண்ணாடி, கைத்தடி, பணம் எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஏழு: வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, விதை பொறுக்குவது, களத்தில் கோழி விரட்டுவது என்று நிதானமாகச் செய்கிற வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. தினமும் நடப்பதும் உடம்பை அசைப்பதும் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

ஒரு வேலையை மட்டும் அவரிடமிருந்து கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து, களைக்கொல்லி அளந்து கலக்குவதுதான் அது. கை நடுக்கமும் கணக்குத் தடுமாற்றமும் சேர்ந்தால் ஆபத்து.

கையெழுத்தும் பத்திரமும்

கையெழுத்து பொடியாகிவிடுவதால் வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் பணம் நின்றுபோகலாம். மருத்துவச் சீட்டைக் காட்டி, புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்து கொள்ளுங்கள். வங்கிக்குக் கூட்டம் இல்லாத நேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதைவிட முக்கியம், பாகப்பிரிவினை, கிரயம், கடன் ஜாமீன் போன்ற காரியங்கள். நாலு பேர் கூடி, வேகமாகப் படித்துக் காட்டி, "என்ன பெரியவரே, சம்மதம்தானே?" என்று கேட்பார்கள். அவர் யோசித்துக்கொண்டிருப்பார். "பேசாம இருக்கார், சம்மதம்தான்" என்று கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிவிடுவார்கள். இது அநியாயம். பதில் வரவில்லை என்பது சம்மதமும் ஆகாது, மறுப்பும் ஆகாது. முதல் நாளே பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்திப் பத்தியாகப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர் பதிலைக் கேளுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்கிற வேளையில் கேளுங்கள். புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நிலம் அவருடையது. முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும்.

மருந்தும் வேளையும்

இந்த நோய்க்கு மருந்து கிடைத்த கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டுக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கிற ரிசர்பின் என்ற பொருளை 1950-களில் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டதும் அவை எழுந்து நடமாடின. டோபமின் மூளைக்கு எவ்வளவு அவசியம் என்பது அதிலிருந்து புரிந்தது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே எல்-டோபா நம் வேலியோரத்தில் படர்கிற பூனைக்காலி விதையில் இருக்கிறது என்பதை, அதற்கு வெகு காலம் முன்பே, 1937-ல் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டுப் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். விதைக்கு விதை சத்தின் அளவு மாறும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அளவு கூடிப்போய் வாந்தி, குழப்பம், கட்டுக்கடங்காத உடல் அசைவு எல்லாம் வரக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இன்றைக்கும் முக்கியமான மருந்து எல்-டோபா மாத்திரைதான். இதை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். மாத்திரையின் பலன் இருக்கும்போது நடை, பேச்சு எல்லாம் தேறும், பலருக்கு யோசனையும் தெளியும். பலன் இறங்கியதும் மறுபடி மந்தமாகும். முக்கியமான பேச்சு, கணக்கு எல்லாவற்றையும் நல்ல வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். மீன், முட்டை, கறி, பருப்பு இவற்றிலுள்ள புரதச் சத்து மாத்திரை உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரை கொடுப்பது வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்கிற நேரத்தைக் கடைப்பிடியுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இரண்டு எச்சரிக்கை. நடுக்கத்துக்குக் கொடுக்கிற டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் அதிகமாக்கக்கூடும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடு என்ற மருந்து நோயையே கூட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், "இவருக்குப் பார்க்கின்சன் இருக்குதுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் காட்டுங்கள். சில மாத்திரைகளால் சீட்டாட்டம், கண்டபடி செலவு என்று வழக்கத்துக்கு மாறான ஆசைகளும் வருவதுண்டு. கெட்டுப்போய்விட்டார் என்று சண்டை போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பூச்சி மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இதுதான் நம் தொழிலோடு நேரடியாகச் சேர்ந்த கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. வயது முக்கியக் காரணம். சிலருக்குப் பரம்பரை. ஆனால் சில நச்சு மருந்துகளின் மேல் பலமான சந்தேகம் இருக்கிறது.

1982-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், கலப்படமான போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் நடுக்குவாதம் முற்றியவர்களைப் போல அசையாமல் நின்றுவிட்டார்கள். அந்த ஊசியில் இருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சு உடம்புக்குள் போய் மாறுகிற வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. 2011-ல் அமெரிக்க விவசாயிகள் குடும்பங்களிடையே நடந்த ஆய்வு வெளிவந்தது. பாராகுவாட் அல்லது ரோட்டினோன் உபயோகித்தவர்களுக்கு நடுக்குவாதம் வருவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. உபயோகித்த எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய சேதி இல்லை. நம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்த நச்சுகளைக் கொண்டு சுண்டெலி, எலிகளிடம் நடுக்குவாதத்தை உண்டாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் 2007-லிருந்து பாராகுவாட்டுக்கு இடமில்லை. கேரள அரசு 2011-ல் தடை செய்தது. பிரான்சு நாடு 2012-ல், பூச்சி மருந்தோடு புழங்கிய விவசாயிகளுக்கு வருகிற நடுக்குவாதத்தைத் தொழில் நோயாகவே ஏற்றுக்கொண்டது. பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே கையால் எடுக்க முடிகிற களையைக் கையாலும் கோனோ களையெடுக்கும் கருவியாலும் எடுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போடுங்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். ஒழுகுகிற டேங்கை முதுகில் மாட்டாதீர்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

யோசனை மந்தமாவது இந்த நோயின் ஆரம்பத்திலேயே சிலருக்கு வரும். புதிதாக நோய் கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சோதனையில் அது தெரிகிறது. பலருக்கு அது வெகு காலம் லேசாகவே இருக்கும். நோய் பல வருஷம் நீடிக்கும்போது கணிசமானவர்களுக்கு உண்மையான மறதி நோயும் வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிந்த வழி தப்பிப் போவது, இல்லாத ஆட்களைக் கண்டதாகச் சொல்வது, சொந்த வீட்டு மனிதர்களை அடையாளம் தெரியாமல் விழிப்பது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது நோயின் போக்கு என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் வற்றியது, புது மாத்திரை இவற்றில் ஏதாவது இருக்கும். மனச்சோர்வு, தூக்கமின்மை, தைராய்டுக் கோளாறு, பி-12 சத்துக் குறைவு ஆகியவையும் யோசனையை மந்தமாக்கும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு.

நம் பகுதிக்கு அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முன்பு ராஜா முத்தையா மருத்துவமனை என்று நாம் அழைத்ததுதான். புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. பாதிப்பு அதிகம் உள்ளவர்கள் அரசு மருத்துவர்களிடம் சான்றிதழ் பெற்று, கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுக்குவாதம் கையை மட்டுமல்லாமல் யோசனையின் வேகத்தையும் குறைக்கும். ஒரே நேரத்தில் பலவற்றை மனசில் வைத்துப் புரட்டுவது கஷ்டமாகும். சேர்த்து வைத்த அறிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைக் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள், நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள், நச்சு மருந்தை அவர் கையில் விடாதீர்கள், நீங்களும் கவனமாகக் கையாளுங்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இன்றைக்குச் சாயந்திரம் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.